றக்பி ஆடிச் சம்பளம் எடுக்கலாமா?

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் ஒரு தாய் கேட்ட கேள்வி இது. மகன் கண்டியில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். “றக்பி, றக்பின்னு நிக்கிறான் சார். ஏ.எல். எழுத மாட்டேங்கிறான். பந்து வெளையாண்டே சம்பளம் எடுக்கலாமாம். நெசமா?”

நெசந்தான் என்றேன். கூடவே ‘ஆனால்’ என்று ஒரு சொல்லையும் சேர்த்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அந்த ‘ஆனால்’ கொஞ்சம் நீளமானது. எழுதித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் விளையாட்டு என்னவென்று சுருக்கமாகப் பார்ப்போம். பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். ஓர் அணிக்குப் பதினைந்து பேர், இரண்டு பாதிகளாக 80 நிமிடம். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். கையால் கொடுப்பதானால் பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். முன்னால் எறிந்தால் பிழை. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது ‘ட்ரை’, 5 புள்ளி. அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. தண்டனை உதைக்கு 3. பந்து வைத்திருப்பவனைப் பிடித்து விழுத்தலாம். அதுதான் இந்த விளையாட்டின் உயிர், ஆபத்தும் அதுவே. 1 முதல் 8 வரை இலக்கம் போட்டவர்கள் முட்டித் தள்ளுகிற கனத்த ஆட்கள். 9 முதல் 15 வரை ஓடுகிறவர்களும் உதைக்கிறவர்களும். ஏழு பேர் ஆடும் ‘செவன்ஸ்’ என்ற குறுகிய வடிவமும் உண்டு, மொத்தம் 14 நிமிடம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சேர்த்தது அதைத்தான்.

இனிச் சம்பளக் கதைக்கு வருவோம். இதை இங்கிலாந்துக்காரனுக்கு விளக்குவதைவிடத் தோட்டத்து ஆளுக்கு விளக்குவது லேசு. நமக்குப் ‘பேர்’ என்றால் என்னவென்று தெரியும். பெரட்டுக் களத்துக்குப் போய், மலைக்கு ஏறி, சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் அன்றைக்குப் பேர் விழும், முழு நாள் கூலி கிடைக்கும். குறைந்தால் அரைப் பேர். போகாவிட்டால் ஒன்றுமில்லை. கலியாணமானாலும் காய்ச்சலானாலும் செக்ரோல் பதிவேட்டில் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வட இங்கிலாந்தின் துணி ஆலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் வேலை செய்தவர்கள் இதே நிலையில்தான் இருந்தார்கள். சனிக்கிழமை மேட்சுக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியையாவது கழகம் ஈடுகட்டட்டும் என்று அவர்கள் கேட்டார்கள். தெற்கே, பணக்காரப் பாடசாலைகளில் படித்து வந்த கனவான்கள் சங்கத்தை நடத்தினார்கள். அவர்களுக்குச் சனிக்கிழமையும் ஒன்றுதான், செவ்வாய்க்கிழமையும் ஒன்றுதான். காசுக்கு ஆடினால் விளையாட்டின் தூய்மை கெட்டுவிடும் என்று மறுத்தார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்குக் கழகங்கள் பிரிந்து போயின. அந்தக் கிளை பிறகு பதின்மூன்று பேர் ஆடும் ‘றக்பி லீக்’ ஆனது. காசு வாங்க மாட்டோம் என்று நின்ற கிளைதான் ‘றக்பி யூனியன்’. இலங்கையில் ஆடுவது இந்த இரண்டாவது வகை.

ஒரு நாள் பேருக்காக ஒரு விளையாட்டே இரண்டாக உடைந்தது என்று சொன்னால் நம் பெண்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இந்தக் கனவான்களின் றக்பிதான் கப்பலேறி இங்கே வந்தது. 1879 ஜூனில் கொழும்பில் முதல் கழகம் தொடங்கியது. அந்தக் காலத்தில் மலையகத்தில் கோப்பி இலைநோயால் செத்துக்கொண்டிருந்தது, தேயிலை கால் ஊன்றிக்கொண்டிருந்தது. துரைமார் எங்கே போனாலும் ஒரு கிளப் கட்டினார்கள். டிக்கோயாக்காரருக்குத் தரவளையில், திம்புள்ளக்காரருக்கு ரதெல்லவில். தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்குக் குறுக்கு வீதியால் போகிறவர்களுக்கு ரதெல்ல தெரியும். இந்த மலைகளில் சமதரை என்பது பெரிய சொத்து. லயம் கட்டுவதற்கே சரிவை வெட்ட வேண்டிய ஊரில், பந்து விளையாட ஒரு முழு மைதானத்தை மட்டமாக்கி வைத்திருந்தார்கள் என்றால் துரைமாருக்கு அந்தச் சனிக்கிழமை எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர்களும் சம்பளத்துக்கு ஆடவில்லைதான். ஆனால் ஆட்டத்தால் சம்பளம் வந்தது. இந்த நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டால் இலங்கை றக்பியின் மீதிக் கதை தானாக விளங்கும். தோட்டக் கம்பனிகள் சின்னத்துரை வேலைக்கு ஆள் எடுக்கும்போது, நல்ல பாடசாலையில் றக்பியோ கிரிக்கெட்டோ ஆடியவனுக்குத் தனி மவுசு. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய இந்தப் பழக்கம், சிங்களவரும் பறங்கியரும் தமிழரும் துரைமாரான பிறகும் தொடர்ந்தது. பங்களா, வேலைக்காரர், குதிரை, பிறகு மோட்டார் சைக்கிள் என்று எல்லாம் கம்பனி கொடுக்கும். சனிக்கிழமை ஆடப் போனால் துரைக்கு யாரும் அரைப் பேர் போட மாட்டார்கள். கிளிஃபர்ட் கிண்ணம் என்ற கழகத் தொடரில் கொழும்புக் கழகங்களோடு திம்புள்ள, டிக்கோயா, ஊவா, களனிப் பள்ளத்தாக்கு என்று தோட்டக் கழகங்களும் மோதிய காலம் அது. மைதானத்தைச் சுற்றி மலையில் நின்றவர்கள் நாள் கூலிக்காரர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ரதெல்ல என்பது வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற காட்சி.

ஒரு வேடிக்கையான சம்பவமும் உண்டு. 1907இல் நியூசிலாந்தில் ஆல்பர்ட் பாஸ்கர்வில் என்ற தபால் கந்தோர் எழுதுவினைஞர் ஓர் அணியைச் சேர்த்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். பிரிந்து போன வடக்குக் கழகங்களோடு மோதி, வரும் வசூலைப் பங்கு போட்டுக்கொள்வதுதான் திட்டம். ‘ஓல் பிளாக்ஸ்’ என்ற தேசிய அணியின் பெயரைக் கிண்டல் செய்து சிட்னிப் பத்திரிகைகள் இவர்களை ‘ஓல் கோல்ட்ஸ்’ என்றன, தங்கத்துக்கு ஆடுகிறவர்களாம். போகிற வழியில் கப்பல் கொழும்பில் நின்றபோது இறங்கி, இலங்கை அணியோடு ஓர் ஆட்டம் ஆடி வென்றுவிட்டுப் போனார்கள். காசு தீட்டு என்று சொன்ன விளையாட்டில், இலங்கை சந்தித்த முதல் வெளிநாட்டு அணியே காசுக்கு ஆடப் போன அணி!

1950இல் பிரித்தானிய லயன்ஸ் அணி நாடு திரும்பும் வழியில் கொழும்பு குதிரைப்பந்தயத் திடலில் ஆடியது. துரைமாரும் இலங்கையரும் கலந்த நம் அணி 44க்கு 6 என்று தோற்றது. அந்த அணியில் ஒரு தமிழர் இருந்தார், நவரத்தினம். கொழும்பு றோயல் கல்லூரியில் படித்தவர், சீ.ஆர். கழகத்துக்கு ஆடியவர், ஆசியாவின் வேகமான குறுந்தூர ஓட்டக்காரர் என்று 1950களில் பெயர் வாங்கியவர். எல்லாரும் அழைத்த செல்லப் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்தால் ‘சும்மா’ என்றுதான் வாசிக்க வரும். சும்மாவே ஆடிய காலத்துக்குப் பொருத்தமான பெயர்! அதே காலத்தில்தான், 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால், ரதெல்லயைச் சுற்றியிருந்த லயங்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. தேசிய அணி என்ற சொல்லே அவர்களுக்கு எட்டாதது.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்திடம் போயின. வெள்ளைத் துரைமார் போனார்கள். 1992இல் தோட்டங்கள் மறுபடி கம்பனிகளின் கைக்கு வந்தன, பழைய சனிக்கிழமைகள் வரவில்லை. இன்று நாட்டின் முதல்தரத் தொடரில் ஆடும் கழகங்களில் தேயிலை மலைக்கு ஒன்றுகூட இல்லை. மலைப்பக்கம் என்று சொல்ல இருப்பது கண்டிக் கழகம் மட்டும். அதன் நித்தவெல மைதானம் தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் பாதி நாள்.

றக்பி யூனியனில் வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்கலாம் என்று சர்வதேசச் சபை அறிவித்தது 1995 ஆகஸ்ட் 26 அன்று, பாரிஸில். ஹடர்ஸ்ஃபீல்டில் உடைந்து சரியாக நூறு வருடத்துக்கு மூன்று நாள் குறைவு. அன்றிலிருந்துதான் ‘தொழில்முறை வீரன்’ என்று ஒருவன் இந்த விளையாட்டில் இருக்க முடிகிறது.

அந்தத் தொழில் வெளிநாட்டில் எப்படி நடக்கிறது? பதினாறு, பதினேழு வயதில் கழகத்தின் பயிற்சிக் கூடத்தில் சேர்ப்பார்கள். பத்தொன்பது, இருபதில் முதல் ஒப்பந்தம், ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டும். நியூசிலாந்திலும் அயர்லாந்திலும் முன்னணி வீரர்களின் ஒப்பந்தம் நாட்டுச் சங்கத்தோடு. இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் தனியார் கழகங்களோடு. இங்கிலாந்தில் ஒரு கழகம் வீரர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பருவத்தில் செலவழிக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு, அடிப்படை 64 இலட்சம் பவுண். நாற்பது பேருக்கு மேற்பட்ட அணியில் பேர் பெற்ற ஐந்தாறு பேர் பெரும்பங்கை எடுத்துவிடுவார்கள். கடைசியில் நிற்கும் இளம் வீரன் ஒரு சாதாரண உத்தியோகத்தனைப் போலத்தான் வாழ்வான். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்றில் பெரும்பாலும் முடிந்துவிடும். மற்றவன் வங்கியில் பதவி உயர்வு கேட்கிற வயதில் இவன் புது வேலை தேட வேண்டும்.

கழகமும் நிலையானதல்ல. 2022இல் வூஸ்டர், வாஸ்ப்ஸ், அடுத்த வருடம் லண்டன் ஐரிஷ் என்று இங்கிலாந்தின் முதல்தரத் தொடரிலேயே மூன்று கழகங்கள் கடனில் மூழ்கின. ஒப்பந்தம் கையில் இருந்த வீரர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பெரிய பெயர்களுக்கு வேறு இடம் கிடைத்தது, மற்றவர்கள் அலைந்தார்கள்.

ஜப்பான் கதை வேறு. அங்கே டொயோட்டா, சன்டோரி, பனசோனிக் போன்ற கம்பனிகளே அணி வைத்திருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் நட்சத்திரம் முழுநேர வீரன். ஆனால் உள்ளூர் வீரர்களில் பலர் அந்தக் கம்பனியின் ஊழியர்கள். மேசையில் வேலை, பிறகு பயிற்சி, ஆடி முடிந்ததும் மறுபடி மேசை. எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். காலில் அடிபட்டாலும் அடுப்பு எரியும்.

இலங்கையிலும் நடப்பது கிட்டத்தட்ட இதுதான், பெயர் மட்டும் வேறு. முதல்தரத் தொடரின் கழகங்களைப் பாருங்கள்: கண்டி, சீ.ஆர்., ஹவ்லொக், சீ.எச். அப்புறம் தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ். சரிபாதி சீருடைக் கழகங்கள். அங்கே ஆடுகிறவனுக்கு மாதச் சம்பளம், பதவி, ஓய்வூதியம் எல்லாம் அரசாங்க உத்தியோகமாகவே கிடைக்கும். மற்றக் கழகங்களில் ஆடும் பலருக்குக் கழகம் தரும் பணம் பருவத்துக்குப் பருவம். அதன் பக்கத்தில் வங்கியிலோ தனியார் கம்பனியிலோ ஒரு வேலை, பெரும்பாலும் றக்பித் தொடர்பில் கிடைத்தது. அன்று சின்னத்துரை வேலை, இன்று வங்கி வேலை அல்லது சீருடை. றக்பியே வேலையாக இருப்பவர்கள் சிலர்தான்.

இதில் நம் பிள்ளைகளுக்கு என்ன சிக்கல் என்பதை மூடி மறைக்க வேண்டியதில்லை. தோட்டத்துத் தமிழ் இளைஞன் படையில் சேர்வது பற்றி வீட்டில் பேச்செடுத்தாலே என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். நாட்டின் போர்க்காலத்தை மறந்தவர்கள் இல்லை. மொழியும் ஒரு மதில். ஆக, இந்தத் தொழிலின் அகலமான வாசல் நம்மவருக்குப் பாதிதான் திறந்திருக்கிறது. பொலிஸ் அணி ஒரு வழி. சிங்களம் நன்றாகத் தெரிந்தால் அது சாத்தியம்.

இன்னொரு விசித்திரம்: இங்கே பாடசாலை றக்பிக்குக் கூடும் கூட்டம் கழக றக்பிக்குக் கூடுவதில்லை. கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் ஆடிவரும் பிரட்பி கேடயத்துக்கு ஊரே திரளும். பத்திரிகையில் படம் வரும், பழைய மாணவர்கள் தோளில் தட்டுவார்கள், பதினெட்டு வயதில் ஒரு பையன் ராஜாவாக உணர்வான். அடுத்த வருடம் கழகத்தின் மாற்று வீரர் வாங்கில் உட்கார்ந்திருப்பான். ஏ.எல். எழுதாமல் பந்தோடு போகிறேன் என்று சொல்வதெல்லாம் அந்தக் கைதட்டலின் மயக்கத்தில்தான். அந்த வயதில் எனக்கும் யாராவது அப்படிக் கை தட்டியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

நல்ல உதாரணமும் இருக்கிறது. பாசில் மரிஜா கண்டி கிங்ஸ்வூட் கல்லூரிப் பிள்ளை. 1891 முதலே றக்பி ஆடிய, அந்த வகையில் நாட்டின் முதல் பாடசாலை அது. அங்கிருந்து கண்டிக் கழகத்துக்குப் போனார், அணியின் மூளை என்று சொல்லும்படி பல வருடம் ஆடினார், தேசிய அணித் தலைவரானார், ஆடி முடித்ததும் அதே கழகத்துக்குப் பயிற்றுநரானார். ஒரு விளையாட்டுக்காரனின் வாழ்க்கை தொடர்ச்சியாக அமைவது என்றால் இப்படித்தான். ஆனால் ஒரு கழகத்துக்கு ஒரு தலைமைப் பயிற்றுநர்தான் வேண்டும். ஆடுகிறவர்கள் நாற்பது பேர்.

வெளிநாட்டு வாய்ப்பு? இலங்கை அணி உலகக் கிண்ணத்துக்கு இதுவரை தகுதி பெற்றதில்லை, அதனால் வெளிநாட்டுக் கழகங்களின் கண் இங்கே விழுவது அரிது. நிர்வாகச் சண்டைகள் போதாதென்று 2023 மே மாதத்தில் உலக றக்பி அமைப்பு இலங்கையின் அங்கத்துவத்தையே சில காலம் இடைநிறுத்தியது. பாதிக்கப்படுவது எப்போதும் ஆடுகிறவன்தான். அடுத்த வீட்டில், இந்தியாவில், 2025 ஜூனில் மும்பையில், பெரும்பாலும் நகரங்களின் பெயரில் அமைந்த அணிகளின் முதல் செவன்ஸ் தொடர் நடந்தது. வென்றது சென்னை புல்ஸ். வெளிநாட்டு வீரர்களைக் காசு கொடுத்து அழைக்கும் தொடர் நமக்குப் பக்கத்தில் உருவாகியிருக்கிறது என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

உடம்பைப் பற்றிப் பேசாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் பேசக் கூடாது. முழங்கால் நார் அறுந்தால் ஒன்பது மாதம் போகும், சில வேளை ஒரு வருடம். தோள்மூட்டு விலகும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற காயங்கள். தலையில் விழும் அடிதான் பயங்கரம், வெளியே தெரியாது. 2003இல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தொம்சன், 42 வயதில் தனக்கு மறதி நோய் வந்துவிட்டதை 2020இல் வெளியிட்டார். அந்தக் கிண்ணத்தை வென்ற ஆட்டமே தன் நினைவில் இல்லை என்றார். பல முன்னாள் வீரர்கள் சங்கங்களுக்கு எதிராக வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். இப்போது விதி இறுகிவிட்டது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆளை வெளியே எடுக்க வேண்டும். முதல்தர ஆட்டங்களில் வைத்தியர் சோதித்த பிறகுதான் திரும்பவும் உள்ளே விடலாம். நம் பாடசாலை மைதானங்களில் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றி “ஓடுடா” என்று சொல்லும் பழக்கம் இன்னும் எங்கேயாவது இருந்தால், அப்படிச் சொல்கிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள். தலை சுற்றுகிறது, வெளிச்சம் கூசுகிறது, வாந்தி வருகிறது என்று பிள்ளை சொன்னால் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இவ்வளவும் சொன்னபின், வேண்டாம் என்கிறேனா? இல்லை. தென்னாபிரிக்காவின் சியா கொலிசியைப் பாருங்கள். ஸ்வீடே என்ற ஏழைக் குடியிருப்பில் பாட்டி வளர்த்த பிள்ளை. பன்னிரண்டு வயதில் றக்பிக்காகக் கிடைத்த புலமைப்பரிசில் ஒரு நல்ல பாடசாலையின் கதவைத் திறந்தது. 2019இலும் 2023இலும் உலகக் கிண்ணத்தைத் தூக்கிய தலைவர் அவர். கிண்ணம் அவருக்குப் பிறகு வந்தது. முதலில் கிடைத்தது பாடசாலை. நம் பக்கத்துப் பிள்ளைக்கும் றக்பியால் கிடைக்கக்கூடிய உருப்படியான பலன் அதுதான்: கண்டியில் ஒரு நல்ல பாடசாலையில் இடம், பிறகு பல்கலைக்கழகமோ ஒரு வேலையோ.

ஆகவே அந்தத் தாய்க்கு என் பதில்: ஏ.எல். எழுதட்டும், ஆடவும் ஆடட்டும். இரண்டையும் செய்தவர்கள் ஏராளம். பத்தொன்பது வயதில் ஏதாவதொரு கழகம் அழைத்தால் நல்லது. ஆனால் வெறும் கையைக் குலுக்கிவிட்டுப் போக வேண்டாம். ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு? ஆடாத மாதங்களில் பணம் உண்டா? கூட ஒரு வேலையும் தருகிறார்களா? தந்தால் ஊழியர் சேமலாப நிதி பிடிக்கிறார்களா, முதலாளியின் 12 வீதத்தைக் கட்டுகிறார்களா? காப்புறுதி யார் பெயரில்? தோட்டத்தில் ஒரு பேர் குறைந்தால் கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சண்டை பிடிக்கத் தெரிந்த நமக்கு, இதைக் கேட்பதற்கு வெட்கம் எதற்கு?

சம்பளத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முழங்கால் போனால் செலவு யாருடையது என்று முதலில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.